அண்ணாச்சி எடுக்காமல் விட்டுப்போன மூலை

எங்கள் குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். நங்கநல்லூரில் 1989இல் எழுந்த மூன்று மாடிக் கட்டடம், மொத்தம் 12 வீடுகள். பில்டரோடு ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்ய மூன்று மாதத் தவணை கொடுத்தார்கள். மார்கழியில் வீடு மாறக் கூடாது என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டதால், கார்த்திகை முடிவதற்குள் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. வெளியே மழை, உள்ளே பரணிலிருந்து இறக்கிய சாமான்கள்.

சென்னையில் பழைய சாமான் வாங்கும் கடைக்குக் காயலான் கடை என்று பெயர். காயல்பட்டினத்துக்காரர்கள் ஒரு காலத்தில் இந்தத் தொழிலில் நிறைய இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். எங்கள் தெருவுக்கு வருகிறவர் காயல்பட்டினம் இல்லை, தெற்கே வேறு ஊர். அம்மா அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவர் வருகிறார். அப்போது சைக்கிளில் தொங்கும் தராசு, இப்போது குட்டி யானை வண்டியும் எலக்ட்ரானிக் தராசும்.

அன்று அவர் மூன்று நடை எடுத்துப் போனார். பேப்பர், பாட்டில், இரும்புக் கட்டில், அடிப்பிடித்த குக்கர், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, காது அறுந்த வாளி, அறுந்த வயர், ஓடாத மிக்ஸி. பித்தளை அண்டாவைக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை, அது எங்களோடு வந்துவிட்டது. கடைசியில் ஹாலின் கிழக்கு மூலையில் ஒரு குவியல் மிஞ்சியது. அண்ணாச்சி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, "இதுக்கெல்லாம் வெலை கெடையாதும்மா. சும்மா குடுத்தாலும் எடுத்துட்டுப் போயி நானும் ரோட்டுலதான் போடணும்" என்றார்.

அந்த நேர்மைக்காக அவரை எனக்கு இன்னும் பிடித்துப் போயிற்று. ஆனால் குவியல் அங்கேயே இருந்தது. நான்கு டியூப் லைட், ஒரு பையில் ஏழு சி.எஃப்.எல். பல்பு. ஷூ டப்பா நிறைய அப்பாவின் மாத்திரைகள். ஒரு பாதரசத் தெர்மாமீட்டர். பிஸ்கட் டின்னில் பென்சில் செல்கள். வயிறு உப்பிய ஒரு பவர் பேங்க். பாதி காய்ந்த பெயிண்ட் டப்பா, தின்னர், கரப்பான் மருந்து ஸ்பிரே. நனைந்து கனத்துப்போன ஒரு ஃபோம் மெத்தை. இவற்றோடு, துணி துவைக்கும் லிக்விட் வந்த நீல நிறப் பிளாஸ்டிக் பாட்டில்கள் மூன்று. மூன்றிலும் அப்பாவின் இன்சுலின் ஊசிகள்.

அந்தப் பாட்டில்களின் கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

அப்பாவுக்குச் சர்க்கரை 40 வயதிலேயே வந்துவிட்டது. கடைசிப் பதினைந்து வருடம் இன்சுலின். ஊசி போட்டு முடித்ததும் மூடியை மாட்டி, சமையலறைக் குப்பைக் கவரில் போட்டுவிடுவார். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. மூடிதான் போட்டாயிற்றே. 2019இல் ஒருநாள் காலை, எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா, கவரைப் பிரித்து ஈரக் குப்பை வேறு, காய்ந்த குப்பை வேறு என்று பிரித்துக்கொண்டிருந்தார். மூடி கழன்ற ஊசி ஒன்று கையுறையைத் தாண்டி அவர் ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. அவர் சத்தம்கூடப் போடவில்லை. விரலை வாயில் வைக்கப் போனார். எதிர்வீட்டு மாமி ஓடிப்போய்த் தடுத்திருக்கிறார்.

அப்பா லுங்கியோடு கீழே இறங்கி ஓடினார். அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு மருத்துவமனைக்குப் போனார். அங்கே டாக்டர் முதலில் கேட்டது, இந்த ஊசி யாருடையது என்று. "என்னோடது" என்று அப்பா சொல்லி, தன் ரத்தத்தையும் சோதிக்கக் கொடுத்தார். அன்று நாங்கள் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். ஊசி குத்தினால் குத்திய இடத்தைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் அதனால் பயன் கிடையாது. மஞ்சள் காமாலை வகையில் ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது.

குத்தியது அப்பாவின் ஊசி என்று தெரிந்ததால், அப்பாவின் ரத்தத்தில் எதுவும் இல்லை என்றும் தெரிந்ததால், அக்கா ஒரே வாரத்தில் நிம்மதியானார். யாருடைய ஊசி என்றே தெரியாமல் குத்து வாங்குகிறவர்கள் மாதக்கணக்கில் பயத்தோடு இருக்க வேண்டும், திரும்பத் திரும்ப ரத்தம் கொடுக்க வேண்டும். அந்த ஒரு வாரம் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு போட்ட ஒரு ஊசியைக்கூட அவர் குப்பையில் போடவில்லை. கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில், ஊசி போட்டதும் மூடியை மாட்டாமல் நேரே அதற்குள் (மூடியைத் திரும்ப மாட்டும்போதுதான் பல பேருக்குக் கையில் குத்துகிறது). முக்கால் பங்கு நிரம்பியதும் திருகி மூடி, டேப் ஒட்டி, 'ஊசி, திறக்காதீர்கள்' என்று மார்க்கரில் எழுதிவைப்பார். அவர் போய் இரண்டு வருடமாகிறது. அந்தக் கையெழுத்து மூன்று பாட்டிலிலும் இருக்கிறது. எங்கே கொடுப்பது என்று தெரியாமல் பரணில் ஏற்றியவை.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்றது. சென்னையிலிருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை முன்னின்று செய்த ஆய்வு அது. எல்லோரும் இன்சுலின் போடுவதில்லை. ஆனால் போடுகிறவர்களில் ஒருவர் நாளுக்கு ஒரு ஊசி என்று வைத்தாலும், ஒரு வீட்டிலிருந்து வருடத்துக்கு 365. அது எத்தனை பேருடைய கைகளைத் தாண்டிப் போகிறது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 2026 ஏப்ரலில் புதிய விதிகள் வரும் வரை நடப்பில் இருந்த 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற இரண்டைத்தான் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். மூன்றாவது, வீடுகளில் உண்டாகும் அபாயக் கழிவு. பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, சி.எஃப்.எல்., டியூப் லைட், காலாவதியான மருந்து, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், பேட்டரி, ஊசி, சிரிஞ்சு. பட்டியலைப் படித்தபோது எங்கள் ஹால் மூலையை யாரோ பார்த்து எழுதியது போலவே இருந்தது. இவற்றைக் கொண்டுவந்து போட 20 சதுர கிலோமீட்டருக்கு ஓர் இடமாவது இருக்க வேண்டும் என்றும் அந்த விதி சொன்னது. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 22 இடம். எங்கள் குடியிருப்பில் பத்துப் பேரிடம் கேட்டேன். மூன்றாவது வகை என்று ஒன்று இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. போன மாதம் வரை எனக்கும் தெரியாது.

இந்த மூலையைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று புரிந்தது. நம் ஊரில் மறுசுழற்சி என்பதைப் பெரும்பாலும் நடத்துவது விலைதான். 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு போன காலத்திலிருந்து அப்படித்தான். விலை இருக்கிற பொருள் தெருவில் ஒரு ராத்திரிகூடக் கிடக்காது. இன்வர்ட்டர் பேட்டரியை யாராவது குப்பையில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? புதிது வாங்கும் கடையிலேயே பழையதுக்குப் பணம் கழித்துக் கொடுப்பார்கள். மதுக்கடைப் பாட்டில்களுக்கு 2022இல் நீலகிரியில் 10 ரூபாய் முன்பணம் வைத்ததும், காட்டுக்குள் கிடந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. விலை இல்லாததை நம் ஊர் எடுக்காது. விஷம் அதிகமாக இருப்பதும் இந்த விலையில்லாப் பொருள்களில்தான்.

விலை மட்டும் போதும் என்றும் சொல்ல முடியவில்லை. பேட்டரிக்குள் இருக்கும் ஈயத்தைக் கொல்லைப்புறத்தில் உருக்குகிற இடங்களில், சுற்றிலும் விளையாடும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறுகிறது. எங்கள் வீட்டில் 2006க்கும் 2011க்கும் இடையில் அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி ஒன்று இருந்தது. ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்த டிவிகளில் ஒன்று. அதை அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். "உள்ள செம்புக் காயில் இருக்கு, போர்டு இருக்கு." கண்ணாடி? "அத என்ன செய்யன்னு தெரியல, ஒடச்சிப் போட வேண்டியதுதான்." பிக்சர் டியூபின் பின்புறக் கண்ணாடியில் ஈயம் அல்லவா கலந்திருக்கும்? நான் சொன்னேன். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. டிவியைத் திரும்ப வாங்கி, மின்கழிவு எடுக்க அரசு அங்கீகாரம் பெற்ற ஓர் இடத்துக்கு அனுப்பினேன். அண்ணாச்சி கொடுத்த 150 ரூபாயை அவரிடமே கொடுத்துவிட்டேன், அவர் வாங்க மறுத்தார், அம்மா வற்புறுத்தினார்.

சரி, குவியலுக்கு வருகிறேன்.

ஊசிப் பாட்டில்களோடு முதலில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனேன். வெளியிலிருந்து கொண்டுவருவதை வாங்குவதில்லை என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, மருத்துவக் கழிவுக்கு ஒவ்வொரு பைக்கும் கணக்கு உண்டு. பிறகு எங்கள் தெருமுனை டாக்டரிடம் போனேன். அப்பாவை 20 வருடம் பார்த்தவர். சின்ன கிளினிக்தான், ஆனால் கூர்மையான பொருள்களைப் போட வெள்ளை நிறக் குத்துப்படாத டப்பா வைத்திருக்கிறார், அதை எடுக்க மருத்துவக் கழிவு வண்டி வருகிறது. பாட்டிலில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். "வெச்சிட்டுப் போம்மா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஊசி போட்டுக்கொள்கிற எல்லோரும் மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் இதைக் கேட்டுவையுங்கள். பத்துப் பேர் கேட்டால் ஒருவராவது வாங்கத் தொடங்குவார்.

மாத்திரைகள் அதைவிடச் சிரமம். கழிப்பறையில் கொட்டலாமா என்றால், போதைத்தன்மை கொண்ட வலி மருந்துகள் போன்ற மிகச் சிலவற்றுக்கு மட்டுமே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் அப்படிச் சொன்னது. 17 மருந்துகள் கொண்ட பட்டியல் அது. மற்றவை சாக்கடை வழியாக ஆற்றுக்கும் ஏரிக்கும் போகும். ஆன்டிபயாட்டிக் அப்படிப் போனால், அதற்குப் பழகிப்போன கிருமிகள் வளரும். கேரளத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே வீட்டில் மிஞ்சிய மருந்துகளைத் திரும்ப வாங்கும் திட்டத்தை 2025இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. அது இங்கேயும் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். மருந்துக்கடை இல்லாத தெரு சென்னையில் கிடையாது, ஒவ்வொரு கடை வாசலிலும் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி வைத்தால் போதும். நான் செய்தது இதுதான்: மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பழைய காபித்தூள் சக்கையும் மண்ணும் கலந்து, யாரும் எடுத்துச் சாப்பிட முடியாதபடி டப்பாவில் மூடி, தனியாக எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அட்டையில் இருந்த அப்பாவின் பெயர்ச்சீட்டுகளைக் கிழித்தேன். ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் உடைக்கவோ நெருப்பில் போடவோ கூடாது, வெடிக்கும்.

தெர்மாமீட்டர் நல்லவேளை உடையவில்லை. சின்ன வயதில் ஒன்று உடைந்து, நானும் தம்பியும் பாதரச உருண்டைகளை உள்ளங்கையில் உருட்டி விளையாடினோம். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். யாரும் சொல்லித் தரவில்லை. உடைந்தால் குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்த வேண்டும். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, உருண்டைகள் இன்னும் சிதறும். கெட்டி அட்டையால் ஓரிடத்தில் சேர்த்து, மூடி இறுக்கமாக உள்ள பாட்டிலில் எடுத்துவைக்க வேண்டும். ஒரு சி.எஃப்.எல். பல்பில் இருப்பது ஏறத்தாழ 5 மில்லிகிராம் பாதரசம் என்று வைத்துக்கொள்வோம். தெர்மாமீட்டரில் அரை கிராம் என்று வைத்தாலும் 100 பல்புக்குச் சமம்.

பாதரசக் கண்ணாடி பழைய சாமான் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாத விஷயம் இல்லை. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது, அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரிலிருந்து இயந்திரங்களைக் கொண்டுவந்து நிறுவியது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கு மேல் அதே ஊரின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் கிடப்பதை ஊர் மக்களும் சூழல் ஆர்வலர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு 2016இல்தான் தீர்வு வந்தது. அந்தக் கடைக்காரரும் எங்கள் அண்ணாச்சியைப் போல எடை போட்டு வாங்கிய ஒருவராகத்தான் இருந்திருப்பார். அதனால்தான் டியூப் லைட்டை "ஒடச்சிட்டா எடம் அடைக்காது" என்று யாராவது சொன்னால் நான் கையைப் பிடித்துத் தடுத்துவிடுகிறேன். உடைத்த அந்த நொடியே உள்ளிருக்கும் பாதரச ஆவி நம் மூக்குக்கு வரும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தச் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் வீட்டு சி.எஃப்.எல். பல்புகளுக்கு 2025ஐயும் டியூப் லைட்டுகளுக்கு 2027ஐயும் உற்பத்தியின் எல்லையாக வைத்திருக்கின்றன. எல்லோரும் எல்.இ.டி.க்கு மாறுகிற இந்தச் சமயத்தில்தான் பழையவை எல்லாம் ஒரே நேரத்தில் வீட்டை விட்டு இறங்கும். புது பல்பு வந்த அட்டைக்குள்ளேயே பழையதைச் செருகி, அட்டை இல்லாவிட்டால் செய்தித்தாளில் சுற்றி, முழுதாகக் கொடுங்கள்.

பெயிண்டும் தின்னரும் பக்கத்துத் தெருவில் கேட் அடித்துக்கொண்டிருந்த பெயின்டரிடம் போயின. பூச்சிமருந்து டப்பாவைத் துளை போடாமல் தனியாகக் கட்டினேன்.

மெத்தை பற்றி எனக்குக் கோபமே உண்டு. இலவம்பஞ்சு மெத்தையாக இருந்தால் பஞ்சை அடித்து மறுபடி தைத்துக்கொள்ளலாம், பாட்டி அப்படித்தான் 30 வருடம் ஒரே மெத்தையில் படுத்தார். ஃபோம் மெத்தைக்கு அந்தப் பேச்சே இல்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கால்வாயில் அடைத்துக் கிடக்கும் மெத்தைகளைப் பார்க்கிறோம். தெருமுனையில் ராத்திரி வைத்துவிட்டால் போதும், தன் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். இல்லாவிட்டால் போகிக்குக் கொளுத்துகிறோம். நங்கநல்லூருக்கு மீனம்பாக்கம் கூப்பிடு தூரம். 2018 போகியன்று காலையில் விமானச் சத்தமே கேட்காமல் நாங்கள் விழித்தோம், புகைமூட்டத்தில் விமானங்கள் இறங்க முடியவில்லை. பழையன கழிதல் என்று பாய், ஓலை, தேய்ந்த துடைப்பம் எரித்தது வேறு. டயரையும் ஃபோமையும் எரிப்பது வேறு. இப்போது மாநகராட்சி சனிக்கிழமைகளில் பழைய மெத்தை, சோபா, மரச்சாமான், துணி ஆகியவற்றை வீட்டுக்கே வந்து எடுக்கிற ஏற்பாட்டை 2025இல் தொடங்கியிருக்கிறது, 1913 என்ற மாநகராட்சி எண்ணுக்குச் சொல்லலாம். எங்கள் மெத்தை அப்படித்தான் போனது. மழையில் நனைந்ததைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

தெற்குச் சென்னைக் குப்பையில் பெரும்பகுதி பெருங்குடிக்குத்தான் போய்வந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே எழும்பிய மலை அது. 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தபோது, சுற்றிலும் வீடுகளில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணைக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரமும் கிடைத்தது. சைபீரியாவிலிருந்து பறவை வருகிற அந்த நீருக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டின் 30 வருட பென்சில் செல்களும் எங்கோ புதைந்து கிடக்கும். பிஸ்கட் டின்னில் இருந்தவை நான் சேர்க்கத் தொடங்கிய பிறகு சேர்ந்தவை. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி எல்லா வகை பேட்டரியையும் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்வது தயாரித்தவர்களின் பொறுப்பு. பேட்டரி மேல் குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். குப்பையில் போடாதே என்பது அதன் பொருள்.

அக்கா இன்னும் எங்கள் தெருவுக்குத்தான் வருகிறார். கடைசி வாரம் மேலே வந்தவர், மூலையில் நீல பாட்டில்களைப் பார்த்துவிட்டார். "அப்பாவோடதா? இன்னுமா வெச்சிருக்கீங்க?" என்று ஒன்றைத் தூக்கி, ஆட்டாமல், மெதுவாகத் திரும்ப வைத்தார். மருந்து, டியூப் லைட், தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டி, மேலே எழுதி, அவர் கையிலேயே கொடுத்தேன். எந்தப் பையில் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். பேட்டரி வண்டியில் முன் சீட்டுக்குக் கீழே தனியாக வைத்துக்கொண்டு போனார்.

பவர் பேங்க் மட்டும் மிச்சம். உப்பிய லித்தியம் பேட்டரி அழுத்தினாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கும், குப்பை லாரியில் இன்னும் ஆபத்து. அதன் முனைகளில் டேப் ஒட்டி, ஒரு தகர டப்பாவில் காய்ந்த மணல் போட்டு, அதற்குள் புதைத்து வைத்திருக்கிறேன். டிவியை எடுத்துப்போனவர்கள் சனிக்கிழமை நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். ஆதம்பாக்கத்து வாடகை வீட்டு பால்கனியில், வெயில் படாத பக்கம், துளசித் தொட்டிக்குத் தள்ளி அந்த டப்பா இருக்கிறது. துளசிக்கு மண் வாங்கி வைத்திருக்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். நேற்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்கிறார்.